தூய மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்

விருதுநகர்ச் சந்தையில் மல்லியோ, வற்றலோ, பருப்போ விலை பேசப்படுவதற்கு முன்னர் மாதிரி பார்ப்பது வழக்கம். மூட்டையின் வாயில் அள்ளிய ஒரு கைப்பிடியை மட்டும் கண்டு விலை சொல்பவர் வெகு சீக்கிரத்தில் நஷ்டமடைவார். நடுவிலும் அடியிலும் குத்தூசி செலுத்தி எடுத்த மாதிரியே சரக்கின் உண்மையைச் சொல்லும். சிவகாசியிலோ இதற்கு நேர்மாறான ஒரு வித்தை கைவந்திருக்கிறது. வானத்தில் விரியும் ஊதா நிறத்தைக் கண்ட மாத்திரத்தில், அது ஒரு மருந்தின் நிறமன்று, ஸ்ட்ரான்ஷியம் உப்பின் செம்மையும் தாமிர உப்பின் நீலமும் கலந்து விளைந்ததென்று அத்தொழில் தெரிந்தவர் சொல்லிவிடுவார். கலப்பைக் கண்டு அதிலுள்ள தனிச் சரக்குகளைப் பிரித்தறிவது அவர் திறமை.

இவ்விரு தொழில்களின் அறிவும் ஒன்றுசேர்ந்தாற் போன்றதொரு கலை, வானிலிருந்து நிலத்தை ஆராயும் துறையில் சில பத்தாண்டுகளாக வளர்ந்து வருகிறது. மீநிறமாலைப் படம் என்பது அதன் பெயர். எந்தப் புலத்தில் எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் நிற்கிறதென்று இப்படத்தைக் கொண்டு சொல்ல முடியும் என்று நிபுணர்கள் கூறுகின்றனர். சொல்ல முடியும் என்பது மெய்யே. ஆனால் சொல்லப்படும் கணக்கு சரியானதா என்பது, தொடக்கத்தில் எதைத் ‘தூய மாதிரி’யாகக் கொள்கிறார்கள், அதை எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நிலமுடைய குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் இதை நிபுணர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. அளவுகோலில் நேரும் பிழை கடைசியில் வந்து சேருமிடம் அவர்களுடைய அடங்கலும், இன்ஷியூரன்ஸ் தொகையுமே.

கருவி செய்யும் வேலை

சாதாரணப் புகைப்படக் கருவி ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கூறாகவே பிரிக்கிறது. மீநிறமாலைக் கருவியோ அதே ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் நிலம் எத்தனை பங்கு ஒளியைத் திருப்பியனுப்புகிறதென்று எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. பச்சை இலை 680 நானோமீட்டரை அடுத்த செவ்வொளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்; 750 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். கரிசலில் நிறைந்துள்ள மாண்ட்மொரில்லோனைட் என்னும் களிமண் 2,200 நானோமீட்டரை ஒட்டி ஒளியைக் குறைத்துக் காட்டும். சுண்ணாம்புக் கல் அவ்வாறே 2,340 நானோமீட்டரை ஒட்டிக் குறைத்துக் காட்டும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் கைரேகை போன்ற ஒரு தனி நிறமாலை உண்டு.

இத்தகைய கருவியொன்று 2000-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கச் செயற்கைக்கோளில் ‘ஹைப்பீரியன்’ என்ற பெயருடன் ஏவப்பட்டது. இந்தியாவில் 2015, 2016-ம் ஆண்டுகளில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து விமானத்தின் மூலம் பல இடங்களில் இவ்வகைப் படங்களை எடுத்தன. 2018 நவம்பர் 29-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘ஹைசிஸ்’ என்னும் இந்தியச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2022 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘என்மாப்’ அதனைப் பின்பற்றியது.

கட்டமொன்றின் விஸ்தீரணம்

இக்கோள்கள் எடுக்கும் படம் சிறு சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஹைப்பீரியன், ஹைசிஸ், என்மாப் ஆகிய மூன்றிலும் ஒரு கட்டத்தின் பக்கம் 30 மீட்டர். பரப்பு 900 சதுர மீட்டர். கிராமக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 22 சென்டு. அந்த 22 சென்டு முழுவதற்கும் கருவி தருவது ஒரே ஒரு நிறமாலைதான்.

அமெரிக்காவின் பெரும் பண்ணைகளில் 22 சென்டு என்பது ஒரே பயிரின் நடுவில் விழும் ஒரு துணுக்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழி, சாத்தூர்த் தாலூகாக்களின் மானாவாரிக் கரிசலில் நிலைமை வேறு. அங்கே அதே 22 சென்டுக்குள் பருத்தி வரிசையும், இடையில் உளுந்தும், பயிர் மூடாத மண்ணும், வரப்புப் புல்லும், ஓடையோரத்துச் சீமைக் கருவேலமும் அடங்கிவிடலாம். சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசுத் தொழிற்சாலைகளின் சிறு வேலை அறைகள், விபத்து பரவாமலிருக்கும் பொருட்டு ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கு ஒரு கட்டத்தில் ஓர் அறையின் கூரையும், அதைச் சூழ்ந்த வெற்று நிலமும், வேலிக்கு வெளியே ஒருவர் விதைத்த மக்காச்சோளமும் சேர்ந்து விழும். மேற்கே வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் நெல்லும் தென்னையும் மாவும் அடுத்தடுத்து நிற்கும்.

எனவே இந்த ஜில்லாவில் பெரும்பாலான கட்டங்கள் கலப்புச் சரக்குகளே. அவற்றைப் பிரித்துப் பங்கு சொல்வதற்கு முதலில் கலப்பற்ற பருத்தி இன்னது, கலப்பற்ற கரிசல் இன்னது என்ற தூய மாதிரிகள் வேண்டும். நிபுணர்கள் ‘எண்ட்மெம்பர்’ என்று குறிப்பிடுவது இதனையே. மாதிரிகள் கிடைத்தபின், ஒவ்வொரு பொருளும் தான் மூடிய பரப்புக்குத் தக்கவாறு ஒளி தருகிறதென்று கொண்டு, எந்தப் பங்கும் பூஜ்யத்துக்குக் குறையாமலும், எல்லாப் பங்குகளும் சேர்ந்து ஒன்றாகவும் அமையுமாறு கணக்கிடுகின்றனர்.

எல்லைக்கல்லும் தூய மாதிரியும்

இக்கணக்கின் உட்பொருளைக் கிராம அதிகாரிகள் எளிதில் அறியலாம். மூன்று எல்லைக்கற்கள் நட்ட முக்கோணப் புலம் ஒன்றை நினைத்துக்கொள்க. ஒரு கல் பருத்தி, ஒரு கல் உளுந்து, ஒரு கல் வெற்றுக் கரிசல். இம்மூன்றும் எந்த விகிதத்தில் கலந்தாலும் அக்கலப்பு அப்புலத்தின் எல்லைக்குள்ளேயே ஓரிடத்தில் அமையும். பருத்தி மிகுந்தால் பருத்திக் கல்லை நெருங்கும். மண் மிகுந்தால் கரிசற் கல்லை நெருங்கும். கட்டங்கள் எல்லாம் அப்புலத்தில் சிதறிய புள்ளிகள். கற்கள் மட்டும் காணாமற் போயிருக்கின்றன. புள்ளிகளின் பரவலைப் பார்த்துக் கற்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே வேலை. ஒரு கல் தப்பான இடத்தில் நடப்பட்டால் அப்புலத்திலுள்ள ஒவ்வொருவர் பங்கும் மாறிவிடும் என்பதை நிலத் தகராறு கண்டவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

நான்கு அளவுகோல்கள்

கல்லின் இடத்தைக் காண அறிஞர்கள் வகுத்த அளவுகோல்கள் பல. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, ஓரத்தில் நிற்பதைத் தேடுதல். பல திசைகளிலிருந்தும் புள்ளிக் கூட்டத்தை நோக்கி, எந்தக் கட்டம் அதிகத் தடவை ஓரத்தில் நிற்கிறதென்று எண்ணிக்கை வைப்பது ஒரு வழி. 1990-களில் போர்டுமன் முதலியோர் இதனை வெளியிட்டனர். முன்பு தேர்ந்த மாதிரிகளுக்குச் செங்குத்தான திசையில் மிகத் தொலைவில் நிற்கும் கட்டத்தை அடுத்த மாதிரியாக எடுத்துக்கொண்டே போவது மற்றொரு வழி. 2005-ல் நாஸிமென்டோ, டயஸ் என்பவர்கள் வெளியிட்ட முறை இவ்வினத்தைச் சேர்ந்தது. வேலை விரைவில் முடியும் என்பது இவற்றின் அநுகூலம். ஓரத்தில் நிற்பதெல்லாம் பயனுள்ளதன்று என்பது பிரதிகூலம். வெயிலில் பளபளக்கும் ஒரு தகரக் கூரை, சுண்ணாம்புக் கற்குழியின் வெண்மை, கருவியின் கோளாறால் பிழைபட்ட ஒரு கட்டம் ஆகியவை எல்லாப் பயிருக்கும் முன்னதாக ஓரத்தில் வந்து நிற்கும். சிவகாசி வட்டாரப் படமொன்றில் முதல் சில மாதிரிகள் கூரைகளாகவே போய்விடவும், பல்லாயிரம் ஏக்கரில் நிற்கும் பயிர் பின்னுக்குத் தள்ளப்படவும் கூடும்.

இரண்டாவது, மிகப் பெரிய எல்லை. படத்திலுள்ள கட்டங்களிலிருந்தே சிலவற்றைக் கற்களாகக் கொண்டு, அவற்றால் சூழப்படும் பரப்பு எப்போது மிகப் பெரிதாகிறதோ அவையே தூய மாதிரிகள் என்று முடிவு செய்தல். 1999-ல் விண்டர் என்பவர் வெளியிட்டு, இன்றளவும் பெரிதும் கையாளப்படும் முறை இதுவே. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் கலப்பற்ற ஒரு கட்டமாவது படத்தில் இருந்தாக வேண்டும். 22 சென்டு முழுவதும் வேறெதுவும் கலவாத உளுந்து, ஊடுபயிராகவே உளுந்து விதைக்கும் ஊரில் எங்கே கிடைக்கும்?

மூன்றாவது, மிகச் சிறிய எல்லை. எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கக் கூடிய எல்லைகளில் மிகச் சிறியது எதுவோ அதன் மூலைகளே மாதிரிகள் என்பது, 1994-ல் கிரெய்க் என்பவர் காட்டிய வழி. கல் நிற்கும் இடத்தில் ஒரு கட்டமும் இல்லாமற் போகலாம்; அதனால் தூய கட்டம் இல்லாத நிலத்துக்கும் இது பொருந்துவதாகத் தோன்றும். ஆயினும் எல்லாப் புள்ளிகளையும் உள்ளடக்கியே தீரவேண்டும் என்பதால், பிழைபட்ட ஒரு புள்ளி வெளியே விழுந்தாலும் அதன் பொருட்டுக் கல் வெளியே நகர்ந்துவிடும்.

நான்காவது, மிகக் குறைந்த பிழை. தேர்ந்த மாதிரிகளைக் கொண்டு படத்தைத் திரும்பக் கட்டி, மூலப் படத்துக்கும் கட்டிய படத்துக்கும் வித்தியாசம் எங்கே அதிகமோ அங்கிருந்து அடுத்த மாதிரியை எடுத்தல். பெரும்பரப்புப் பயிர்கள் இதில் நன்றாகப் பிடிபடும். சிறு பரப்பில் நிற்கும் மல்லி போன்றவை மொத்தப் பிழையில் அற்பமாகவே கணக்காவதால் விட்டுப்போகும்.

இவற்றோடு, மாதிரிகள் மொத்தம் எத்தனை என்பதையும் முன்கூட்டி நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தால் இரு பயிர்கள் ஒரே பெயரில் அடங்கும். கூட்டினால் வெறும் பிழைக்கும் ஒரு பயிரின் பெயர் வந்துவிடும்.

கணக்கில் பிழை தெரியாத பிழை

அளவுகோலின் முக்கியத்தை விளக்க ஒரு சிறு கணக்கு உதவும். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. வெற்றுக் கரிசல் செவ்வொளியில் நூற்றுக்கு 10 பங்கும், அகச்சிவப்பில் 15 பங்கும் திருப்பியனுப்புவதாகக் கொள்க. கலப்பற்ற பருத்திப் பயிர் செவ்வொளியில் 5 பங்கும், அகச்சிவப்பில் 45 பங்கும் திருப்புவதாகக் கொள்க. ஒரு கட்டத்தில் பாதி பருத்தி, பாதி மண். அப்போது கருவி காட்டுவது செவ்வொளியில் 7½, அகச்சிவப்பில் 30. சரியான மாதிரிகளைக் கொண்டு பிரித்தால் பருத்தி பாதி, அதாவது 22 சென்டில் 11 சென்டு என்று சரியாகவே வரும்.

இனி, மிகப் பெரிய எல்லை என்னும் அளவுகோலைக் கையாண்டதாக வைத்துக்கொள்வோருக்கு நேர்வதைப் பார்க்கலாம். ஊரில் எந்தக் கட்டத்திலும் பருத்தி நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் மூடியிருக்கவில்லை. ஆகவே அந்த 80 பங்குக் கட்டமே தூய பருத்தி என்று தேர்ந்தெடுக்கப்படும். அதன் எண்கள் 6, 39. இதைக் கொண்டு முன் சொன்ன கட்டத்தைப் பிரித்தால் பருத்தியின் பங்கு 62½ சதவீதம் என்று வரும். 11 சென்டு 13¾ சென்டாக ஏறிவிடும்.

மிகச் சிறிய எல்லையைக் கையாண்டவருக்கு, பிழைபட்ட ஒரு புள்ளியினால் கல் வெளியே நகர்ந்து 2½, 60 என்ற இடத்தில் நின்றதாகக் கொள்க. இப்போது அதே கட்டத்தில் பருத்தி மூன்றில் ஒரு பங்கு; 11 சென்டு 7⅓ சென்டாக இறங்கிவிடும்.

இங்கே மிகவும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. மூன்று கணக்குகளிலும் படத்தைத் திரும்பக் கட்டிப் பார்த்தால் 7½, 30 என்ற எண்களே பிசகின்றிக் கிடைக்கும். வித்தியாசம் மூன்றிலும் பூஜ்யம். அதாவது, பிழை குறைவு என்ற அளவுகோல் ஒன்றை மட்டும் கொண்டு பரீட்சித்தால் மெய்க் கணக்குக்கும் இரு பொய்க் கணக்குகளுக்கும் வேற்றுமை காணவே முடியாது. தராசின் முள் நேராக நிற்பதைக் கொண்டு படிக்கல் சரியான எடை என்று சொல்லிவிட முடியாதல்லவா? அதுபோன்றதே இது.

குடியானவருக்கு இவ்விரு பிழைகளும் வெவ்வேறு விதத்தில் தீங்கானவை. வறட்சியில் பாதி கருகிய பயிரைப் பங்கு கூட்டிக் காட்டினால், பயிர் செழிப்பாக இருக்கிறதென்று நஷ்ட ஈடு குறையும். குறைத்துக் காட்டினால், சாகுபடியே செய்யவில்லை என்ற சந்தேகத்துக்கு இடமாகும்.

ஒப்பிடும் முறையிலுள்ள குறை

மேற்சொன்ன முறைகளில் எது சிறந்ததென்று அறிஞர்கள் பலமுறை ஒப்பிட்டிருக்கின்றனர். பிளாசா முதலியோர் 2004-ல் வெளியிட்ட ஒப்பீடு இவற்றுள் பிரசித்தமானது. இத்தகைய ஒப்பீடுகளில் பெரும்பாலும் கையாளப்படும் பரீட்சை, கண்டெடுத்த மாதிரியின் நிறமாலைக்கும் ஆய்வுக்கூடத்தில் அளந்த நிறமாலைக்கும் இடையேயுள்ள கோணத்தை அளப்பது. கோணம் சிறிதானால் மாதிரி சரி என்பது தீர்ப்பு. இப்பரீட்சைக்குப் பல தடவை களமாக அமைந்தது அமெரிக்காவின் நெவாடா மாகாணத்துக் குப்ரைட் என்னும் சுரங்க வட்டாரம். அங்கே செடி கொடிகள் சொற்பம். தாதுக்கள் வெளியே தெரிகின்றன. அவை ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. அவற்றின் இருப்பிடமும் நன்கு ஆராயப்பட்டிருக்கிறது.

கரிசல் அப்படிப்பட்டதன்று. ஐப்பசி மழையில் நனைந்தால் அது மேலும் கறுக்கும். தை, மாசியில் உலர்ந்து வெடித்தால் வெளிறும். கோணம் என்னும் அளவு நிறமாலையின் வடிவத்தை மட்டும் பார்ப்பது, பிரகாசத்தைப் பார்ப்பதில்லை. ஒரு நிறமாலையின் எல்லா எண்களையும் பாதியாக்கினாலும் கோணம் பூஜ்யமாகவே இருக்கும். நிழலில் உள்ள மண்ணையும் வெயிலில் உள்ள மண்ணையும் ஒன்றாகக் காண்பதற்கு இது அநுகூலமானது. ஆனால் மேலே காட்டிய கணக்கில் பங்கை நிர்ணயித்தது பிரகாசமே. ஆகவே கோணத்தில் தேறிய மாதிரி பங்கிலும் தேறும் என்று கொள்ளுதல் பொருந்தாது.

பயிரும் நாளுக்கு நாள் வேறுபடுவது. இருபதாம் நாள் பருத்தியும், பூத்த பருத்தியும், வெடித்த பருத்தியும் நிறமாலையில் மூன்று சரக்குகள். சீமைக் கருவேலமோ கோடையிலும் பச்சை மாறாமல் நிற்பது. தை மாதத்துப் படத்தில் தரிசில் நிற்கும் கருவேலங் காட்டைப் பயிர் என்று எண்ணிவிட்டால், விதைக்காதவர் நிலம் விளைந்த நிலமாகக் கணக்கில் ஏறும். தென்னந்தோப்பில் ஒளி இலைக்கு இலை தாவிப் பின்னரே வெளிவருவதால், பரப்புக்குத் தக்க ஒளி என்ற அடிப்படையே அங்குத் தளர்ந்துவிடுகிறது.

எந்த அளவுகோல் தலைமையானது

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், இந்த ஜில்லாவைப் போன்ற சிறு நிலங்களும் கலப்புப் பயிர்களும் உள்ள இடத்துக்குத் தலைமையான அளவுகோல் நிலத்தில் அளந்த பங்கே என்பது தெளிவாகும். எல்லை பெரிதா சிறிதா என்பதும், கோணம் குறுகியதா என்பதும், திரும்பக் கட்டிய படத்தில் பிழை குறைவா என்பதும் துணை அளவுகோல்களே. கண்டெடுத்த மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்ட பங்கு, அதே வாரத்தில் அதே புலத்தில் சங்கிலி பிடித்து அளந்த பங்குடன் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதே கடைசித் தீர்ப்பாக இருத்தல் வேண்டும். முன் காட்டிய மூன்று கணக்குகளில் மெய்யை வேறுபடுத்திக் காட்டவல்லது இது ஒன்றே.

இதற்குரிய சாதனங்கள் கைக்கெட்டாதவையல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும், அருப்புக்கோட்டையில் மண்டல ஆராய்ச்சி நிலையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. இந்நிலையங்களில் ஒவ்வொரு பருவத்திலும், விதைத்த இருபதாம் நாள், பூக்கும் தறுவாய், அறுவடைக்கு முன் என்று மூன்று தடவையாவது பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, பாசி, மல்லி, மிளகாய் ஆகியவற்றின் நிறமாலையையும், நனைந்த கரிசல், உலர்ந்த கரிசல், செம்மண் ஆகியவற்றின் நிறமாலையையும் கைக்கருவியால் அளந்து பதிவு செய்து வைத்தல் நலம். அயல்நாட்டு மாதிரிப் புத்தகத்தைக் கொண்டு கரிசலைப் பிரிப்பதைவிட இது பன்மடங்கு மேலானது. கூரை, கற்குழி முதலியவற்றின் கட்டங்களை நில வரைபடத்தின் உதவியால் முன்னதாக விலக்கிவிட்டுப் பயிர் நிலத்துக்கு மட்டும் மாதிரி தேடினால், முதல் அளவுகோலின் குறையும் பெரும்பகுதி நீங்கும்.

சொல்லப்படக்கூடிய ஆட்சேபங்கள்

இவ்வளவு சிரமம் எதற்கு, அடங்கலே போதாதா என்று சிலர் கேட்கலாம். அடங்கல் எல்லா ஊர்களிலும் புலத்தைப் பார்த்தே எழுதப்படுகிறதென்று சொல்வதற்கில்லை. சென்ற ஆண்டுக் கணக்கைப் பார்த்து எழுதும் பழக்கம் சில இடங்களில் உண்டென்பது கிராமத்தார் அறிந்ததே. பெரும் பயிரை மட்டும் எழுதி ஊடுபயிரை விட்டுவிடுவதும் உண்டு. பொய்யான அடங்கலோடு ஒத்துப்போகும்படி மாதிரிகளைத் திருத்தினால், பழைய பொய் புதிய கருவியின் முத்திரையோடு வெளிவரும். ஆகையால் ஒப்பிடுதற்கு அடங்கல் முழுவதையும் கொள்ளாமல், கிராமத்துக்குச் சில புலங்களை மட்டும் தேர்ந்து, உடையவர் முன்னிலையில் அளந்து, தேதியோடு குறித்த கணக்கையே கொள்ளுதல் நன்று. 2024-ல் இம்மாநிலத்தில் கைபேசி வழியாகப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தபோது வேளாண் கல்லூரி மாணவர்களும் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். அத்தகைய கணக்கெடுப்பில் ஊடுபயிரின் பங்கையும் வெற்று மண்ணின் பங்கையும் குறிக்க இரண்டு பத்திகள் கூடுதலாக அமைந்தால், இவ்வேலைக்கு வேண்டிய ஆதாரம் பெருமளவு அதிலேயே கிடைத்துவிடும்.

சிறிய கட்டங்களையுடைய படங்கள் வந்துவிட்டால் கலப்பே இராது என்று வேறு சிலர் சொல்லலாம். 2025 ஜனவரியில் ‘பிக்ஸெல்’ என்னும் இந்தியக் கம்பெனி ஏவிய செயற்கைக்கோள்களின் கட்டம் 5 மீட்டர் பக்கமுடையது; பரப்பு சென்டில் பாதியைச் சற்றே மிஞ்சும். இது பெரும் முன்னேற்றமே. ஆனால் பருத்தி வரிசைக்கும் அதன் இடையிலுள்ள உளுந்துக்கும் இடைவெளி ஐந்து மீட்டர் அன்று. கலப்பு குறையுமேயன்றி ஒழியாது. தூய மாதிரியின் அவசியமும் அவ்வாறே.

இதெல்லாம் வருங்காலத்துப் பேச்சு என்று எண்ணுவோரும் உண்டு. பிரதம மந்திரி பயிர் இன்ஷியூரன்ஸ் திட்டம் 2016-ல் தொடங்கியபோது, மகசூல் நஷ்டம் பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டே நிர்ணயிக்கப்பட்டது. 2023-ம் ஆண்டு காரிப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் மகசூல் மதிப்பீட்டில் குறைந்தபட்சம் 30 சதவீதம் தொலையுணர்வு முறைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கொள்ளப்படும் படங்கள் மீநிறமாலைப் படங்கள் அல்ல. ஆயினும் வானிலிருந்து எடுத்த எண் குடியானவரின் பணத்தை நிர்ணயிக்கும் காலம் வந்துவிட்டதென்பதற்கு இது சான்று. நெல்லுக்கு வந்தது நாளை பருத்திக்கும் பயறுக்கும் வரலாம். வந்தபின் அளவுகோலைப் பற்றி வாதிடுவதைவிட, வருமுன் அதை நிர்ணயித்துக்கொள்வது விவேகம்.

செய்யத்தக்கவை

வானிலிருந்து எடுத்த பயிர்க் கணக்கு எதனையும் இலாகாக்கள் வெளியிடும்போது, மாதிரிகள் எத்தனை, அவை படத்திலிருந்தே எடுக்கப்பட்டனவா புலத்தில் அளக்கப்பட்டனவா, எந்தத் தேதிக்குரியவை, எந்த அளவுகோலால் தேரப்பட்டவை, நிலத்தில் அளந்த பங்கோடு எவ்வளவு வித்தியாசப்பட்டன என்ற ஐந்து விவரங்களையும் கணக்கோடு சேர்த்து வெளியிடுதல் அவசியம். இவ்விவரமில்லாத கணக்கு, படிக்கல்லை மறைத்து நிறுத்த சரக்குக்கு ஒப்பாகும்.

கிராம அதிகாரிகள், தத்தம் கிராமத்தில் கலப்பில்லாமல் ஒரே பயிர் பரந்து நிற்கும் இடங்களையும், ஊடுபயிர் மிகுந்த இடங்களையும், சீமைக் கருவேலம் மூடிய தரிசுகளையும் புல எண்ணோடு குறித்து வைப்பார்களானால், நிபுணர்களுக்கு அதைவிடப் பேருதவி வேறில்லை. நிலமுடையோர் விதைத்த தேதியையும், ஊடுபயிர் விகிதத்தையும், பயிர் மாண்டுபோன பரப்பையும் மறைக்காமல் அறிவித்தல் கடமை. இன்று ஒருவர் தம் புலத்தைப் பற்றிக் கூட்டிச் சொல்லும் ஒரு பொய், அப்புலமே தூய மாதிரியாகத் தேரப்பட்டால், நாளை பிர்க்கா முழுவதிலும் உள்ளவர்களின் கணக்கைக் கெடுத்துவிடும்.

குத்தூசி எங்கே பாய்கிறதோ அந்த இடத்துச் சரக்கே மாதிரியாகிறது. வியாபாரி அதைத் தன் கையாலேயே செலுத்துகிறார். விற்பவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். வானத்திலிருந்து செலுத்தப்படும் குத்தூசிக்கும் அப்படியே இருவர் சாட்சியாக நிற்றல் வேண்டும்: கணக்கிடும் நிபுணர் ஒருவர்; வரப்பில் நிற்கும் குடியானவர் ஒருவர்.